வரைபடத்தில் விடுபட்ட தெரு

மகன்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, மாமாவைக் கூப்பிட்டா வெடிங் முழுக்க டென்ஷனா இருக்கும். ப்ளீஸ், வேண்டாம்" என்றாய். அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கறி இருந்தது உண்மைதான். பதிலும் இருந்தது, ஆனால் அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் நீ அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலனை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். மெதுவாகவே வாசி. எனக்கு அவசரமில்லை.

என் அண்ணையோடு, உன் மாமாவோடு, நமக்குப் பேச்சில்லை என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ காரணம் கேட்டபோதெல்லாம் "அது பெரியாக்களின்ர விஷயம்" என்று வாயை அடைத்தேன். பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். இப்போது நீ கலியாணம் கட்டி ஒரு வீட்டுக்குத் தலைவனாகப் போகிறாய். இனி நீயும் பெரிய ஆள்தான். ஆகவே சொல்கிறேன். ஆனால் அந்தப் பழைய கதைக்குப் போவதற்கு முன்னால், இந்த வருடம் பூரணம் அக்கா விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். அவ விழுந்திராவிட்டால் இந்தக் கடிதமும் இல்லை.

பூரணம் அக்காவை உனக்கு நினைவிருக்கும். ஹவுன்ஸ்லோ பிரதான வீதிக்கு அந்தப் பக்கம், சிவப்புக் கதவு வீடு. புருஷன் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறா. பிள்ளைகள் இருவரும் தூரத்தில். விழுந்தால் அமத்துவதற்கென்று கழுத்தில் ஒரு பட்டன் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அமத்தினால் அறையில் இருக்கிற பெட்டி ஓர் அலுவலகத்தைக் கூப்பிடும். அங்கிருந்து ஆள் பேசும், தேவையென்றால் ஆம்புலன்ஸ் வரும். இளவேனிலில் ஒரு பின்னேரம் நான் அவவுக்குக் கறிவேப்பிலை கொண்டு போனேன். கதவு திறபடவில்லை. என்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போனால், குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறா. ஒரு கை மடங்கி உடம்புக்குக் கீழே. மற்றக் கை கழுத்துப் பட்டனில். என்னைக் கண்டதும் "வலிக்குது" என்று சொல்லவில்லை. "நான் அமத்தினனான் பிள்ளை. விடாம அமத்தினனான். ஒருத்தரும் வரேல்லை" என்றுதான் சொன்னா.

மணிக்கட்டு முறிந்திருந்தது. அது பொருந்திவிட்டது. பொருந்தாதது வேறொன்று. அந்தப் பட்டனைப் பார்க்க அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பொடியன் காலையில் வந்து அமத்திப் பார்த்தான். பெட்டி உடனே கூப்பிட்டது. மறுபடி முறைப்பாடு செய்தோம். மறுபடி ஒரு காலையில் வந்தான். மறுபடி வேலை செய்தது. பட்டன் ஒவ்வொரு முறை வேலை செய்யும்போதும் அக்கா பொய்க்காரியானா. மகனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மாவுக்கு மறதி வந்திட்டுது அன்ரி. அமத்தாமலே அமத்தினன் எண்டு நினைக்கிறா" என்று மகன் என்னிடம் ஒதுக்குப்புறமாகச் சொன்னான். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை, பயந்த பிள்ளைகள். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்க்கத் தொடங்கினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு விசர் இல்லை. நீயாவது நம்பு" என்றா. நம்புறன் என்றேன். வெறுமனே நம்பி என்ன பிரயோசனம்? அடுத்த நாள் பின்னேரம் போய் நானே அந்தப் பட்டனை அமத்தினேன். பெட்டி ஊமையாக இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் அமத்தினேன். உடனே கூப்பிட்டது.

காலையில் வேலை செய்கிறது, பின்னேரம் வேலை செய்யவில்லை. நான் விமானங்களைத் துப்பரவாக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக நின்ற காலம் முழுவதும் இடுப்பில் வாக்கி டாக்கியோடு திரிந்தவள். ஒருவர் பொத்தானை அமத்திக்கொண்டு மறந்து நின்றால் மற்ற எல்லோருடைய குரலும் அடைபட்டுப் போகும் என்று எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு நான் ரேடியோ கிளப்பில் சேர்ந்தபோது "அம்மா இப்ப ஸ்பையா?" என்று சிரித்தாயே, அந்தக் கிளப்பில் வாங்கிய கையடக்க ஸ்கானரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஸ்கானர் என்றால் பல அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தம் இருக்கிற இடத்தில் நிற்கிற ரேடியோ. பட்டன் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த அலைவரிசை எண்ணுக்கு அதைத் திருப்பினேன். முதலில் இரைச்சல். பிறகு ஒரு பெண் அழுகிற சத்தம். பின்னால் வயலின். அதன்பிறகு ஓர் ஆண் குரல்: "இந்த வீட்டு மருமகளா நீ?" அக்கா நாடியில் கை வைத்தா. "உது நான் பாக்கிற நாடகமெல்லோ!"

கிளப்பில் விசாரித்தேன். காதில் மாட்டி ரீவி கேட்கிற கம்பியில்லாத ஹெட்போன்கள் இருக்கின்றன. ரீவிக்குப் பக்கத்தில் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று சத்தத்தை ரேடியோவாக அனுப்பும். மலிவாக வந்த சில பெட்டிகள் தங்களுக்கு ஒதுக்கிய இடத்தை விட்டு நகர்ந்து, பக்கத்து அலைவரிசையில் ஏறிவிடும். கழுத்துப் பட்டனுக்கு இருப்பது மெல்லிய குரல். அதன் காதருகே இது நின்று கத்தும். இந்தியாவில் இரவு நாடகம் போகிற நேரம் இங்கே பின்னேரம். ஆகவே யாரோ ஒருவர், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயோ, மத்தியானத்துக்குப் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறார். ஆனால் யார், எந்த வீடு?

நான் ஸ்கானரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். சத்தம் கூடுகிறது, குறைகிறது, மூலையில் திரும்பினால் மறுபடி கூடுகிறது. செங்கல் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதை என் காது நம்பிவிட்டது. மூலையில் உள்ள முடிவெட்டுகிற கடைதான் என்று தீர்மானித்து, உள்ளே போய், உங்கள் ரீவியால் ஒரு வயோதிபப் பெண் தரையில் கிடந்தா என்று அந்த மனிதரிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் இருந்த ரீவியைக் காட்டினார். கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது. நாடகமும் இல்லை, ஹெட்போனும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முகம் எரிந்தது. குடும்பம் நடத்தப் போகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: எங்கே கேட்டது, எவ்வளவு கேட்டது என்று குறித்து வைக்காமல், காதில் நிற்பதை மட்டும் நம்பி ஒருவருடைய கதவைத் தட்டாதே.

குறித்து வைப்பதற்கு ஸ்கானரில் ஒரு வழி இருந்தது. அதன் பக்கவாட்டில் உள்ள துளையில் ஜிபிஎஸ் கருவி ஒன்றைச் செருகினால், பிடிக்கிற ஒவ்வொரு சத்தத்தோடும் பிடித்த இடத்தையும் சேர்த்துப் பதிந்து வைக்கும். பிறகு கணினியில் வரைபடத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கருவியைச் செய்கிறவர்கள் செய்வதை நிறுத்திவிட்டார்கள். "போனிலை ஜிபிஎஸ் இருக்குத்தானே?" என்றார் அப்பா. போனுக்கு நான் நிற்கிற இடம் தெரியும். ஸ்கானருக்கு நான் கேட்பது தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கதைக்காது. ஒரு கையில் அதையும் மறு கையில் இதையும் பார்த்துக்கொண்டு நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டினேன். நீ வீடியோவில் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "புது ஸ்கானர் ஒண்டு வாங்குங்கோவன் அம்மா" என்றாய். நான் வாங்கவில்லை, நின்றுபோன அந்த ஜிபிஎஸ் கருவியை நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

தபால்தலை அளவு ஜிபிஎஸ் தகடு ஒன்று வந்தது. அதன் தலையில் வெள்ளைச் சதுரமாக அதன் அன்டனா. சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, ஈயம் பற்றுவைக்கும் கோலைச் சூடாக்கி, பழைய சார்ஜர் வயரை வெட்டி ஒட்டினேன். ஸ்கானர் எட்டியும் பார்க்கவில்லை. தகட்டின் பேசுகிற கம்பியை ஸ்கானரின் பேசுகிற கம்பியோடு சேர்த்திருந்தேன். கேட்கிற கம்பியோடு அல்லவா சேர்க்க வேண்டும்? மாற்றினேன். அப்போதும் இல்லை. ஒன்று மின்சாரத்தைக் கூட்டி 'ஆம்' என்று சொல்கிற இடத்தில் மற்றது குறைத்துச் சொல்கிறதாம். நடுவில் மொழிபெயர்க்க ஒரு சின்னச் சில்லு வேண்டும். அதை வாங்கி வைத்தேன். பிறகு பார்த்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் பேசுகின்றன. வேகத்தைச் சரிசெய்ய கிளப்பில் ஒருவரிடம் மென்பொருள் கேட்டு வாங்கி, விளங்காமல் வாசித்து, விளங்கும்வரை வாசித்தேன். விரல் நுனியில் கொப்புளம். அப்பா மேசையின் மறுமுனையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டார். ஒரு நாளும் முறைப்படவில்லை. ஒரு காலையில் எல்லாவற்றையும் யன்னல் ஓரத்தில் வானம் தெரிய வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். அவர்தான் கூப்பிட்டார். "இஞ்சை ஓடி வாரும். நாங்கள் எங்கை இருக்கிறம் எண்டு இதுக்குத் தெரிஞ்சிட்டுது." ஸ்கானரின் திரையில் எண்கள். நான் கரண்டியோடு நின்று அழுதேன். சிரிக்காதே.

உன் பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் தகட்டையும் பற்றரியையும் வைத்து மூடி, சந்தைக்குக் கொண்டுபோகிற, சக்கரம் வைத்த உருளைப் பையின் மேல் கட்டினேன். ஸ்கானர் பையின் உள்ளே. மூன்று மணிக்குப் பிறகு நாடகங்கள் தொடங்க, நானும் தொடங்குவேன். கோட்டும் சப்பாத்தும் போட்ட ஒரு தமிழ் மனிசி வெறும் பையை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போய்வருவதை யார் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். கவனித்தார்கள். ஒருவர் நான் கவுன்சிலில் இருந்து பார்க்கிங் பார்க்க வருகிறேன் என்று நினைத்துத் தன் காரை நகர்த்தினார். மழையில் நடந்தேன். முழங்கால் நோக நடந்தேன். அக்காவின் பிள்ளைகள் அந்த இல்லத்துக்குப் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் இரண்டு மடங்கு நடந்தேன்.

வார இறுதியில் பதிவுகளைக் கணினியில் ஏற்றினோம். பலமாகக் கேட்ட இடங்கள் சிவப்பு, மெலிதாகக் கேட்ட இடங்கள் மஞ்சள். அக்கா வீட்டைச் சுற்றித் திரையில் புள்ளிகள் நிறைந்தன. சிவப்பெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஆனால் சிவப்புக்கு நடுவில், அக்கா வீட்டின் பின்புறத்தை ஒட்டிய தெருவில், ஒரு புள்ளிகூட இல்லை. வெள்ளையாக, நீளமாக, யாரோ அழித்துவிட்டது போல ஒரு தெரு. அப்பா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். "நீர் ஏன் இந்தத் தெருவுக்கை போகேல்லை?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது எந்தத் தெரு என்று அவருக்கு உறைத்தது. எழுந்து போய்க் கேத்திலைப் போட்டார். நான் வேண்டுமென்று விடவில்லை, மகன். என் கால்கள் விட்டிருக்கின்றன. அண்ணையின் மகள், உன் மச்சாள், அங்கே உள்ள தன் வீட்டுக்குத் தகப்பனைக் கூட்டி வந்து வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் அந்தத் தெருவுக்குள் போனதில்லை.

இனிப் பழைய கதை. நான் லண்டனுக்கு வந்தபோது அண்ணை அப்டன் பார்க்கில் இருந்தார். எங்களுக்கு அறை எடுத்துத் தந்தவர் அவர், அப்பாவுக்கு முதல் வேலை பிடித்துத் தந்தவர் அவர். என் அகதி வழக்கு முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் வழக்கும் போய்விடும். எனக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவதாக நீ வந்தாய். படுத்துக் கிடக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஊரில் ஐயா, உன் அம்மப்பா, செத்துப் போனார். செய்தி அண்ணைக்கு வந்தது. அவர் எனக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை. வாரம் தவறாமல் மீன் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். நான் ஐயாவுக்கு என்று ஒரு கசெட்டில் பேசிப் பதிந்து, உன் அசைவை எல்லாம் சொல்லி, "ஊருக்குப் போறாக்களிட்டைக் குடுத்து விடுங்கோ அண்ணை" என்று அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். செத்த மனிதனோடு நான் சிரித்துச் சிரித்துப் பேசியிருந்தேன்.

நீ பிறந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு முதன்முதல் கடைத்தெருவுக்குப் போன அன்று, மரக்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைப் பார்த்து, "உங்கட ஐயாவின்ர செய்தி கேள்விப்பட்டுக் கவலைப்பட்டம்" என்றா. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கத்தரிக்காய்களுக்கு நடுவில். நேரே அண்ணை வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, இனி எனக்கு அண்ணை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி இருந்தேன். அண்ணியின் செத்த வீட்டுக்கு மட்டும் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு, முகம் கொடுக்காமல் திரும்பினேன். உன் வயது எவ்வளவோ அவ்வளவு வயது அந்தக் கோபத்துக்கும்.

அந்த வரைபடத்தை அணைத்துவிட்டு, அக்காவின் பிள்ளைகளுக்கு "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொழுது அப்படியும் நினைத்தேன். ஆனால் அக்கா தரையில் கிடந்து பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்த கை கண்ணில் நின்றது. திங்கட்கிழமை பின்னேரம் பையை உருட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போனேன். ஒவ்வொரு வீடு தாண்டும்போதும் சத்தம் ஏறியது. உன் மச்சாளின் வீட்டு வாசலில் பைக்குள்ளிருந்து நாடகத்து மாமியார் ஒருத்தி முழுக் குரலில் கத்தினாள். மணியை அமத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அமத்தினேன். முன்னறை யன்னலால் பார்த்தேன். அண்ணை உட்கார்ந்திருந்தார், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. தலைமுடி முழுக்க வெள்ளை. தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. யன்னலைத் தட்டினேன். அதிர்வில் திரும்பினார். என்னைப் பார்த்தபடியே எழும்பினார், ஹெட்போனைக் கழற்ற மறந்து.

கதவைத் திறந்து, "உள்ளுக்கு வா தங்கச்சி" என்றார்.

"நான் உள்ளுக்கு வரேல்லை அண்ணை. உங்கட ரீவிக்குப் பக்கத்திலை இருக்கிற பெட்டியை நிப்பாட்டுங்கோ."

"என்ன?"

"பெட்டியை! நிப்பாட்டுங்கோ!"

ஹெட்போனைக் கழற்றினார். வலது காதை என் பக்கம் திருப்பினார். அவருக்குக் காது இவ்வளவு போய்விட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்தவர்களை நான்தான் பேச விடவில்லை. பூரணம் அக்கா விழுந்ததை, பட்டனை, ஹெட்போன் பெட்டி செய்கிற வேலையை எல்லாம் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என்ர வீட்டுக்கை நான் ரீவி பாக்கக் கூடாது எண்டு சொல்லவோ இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்தனீ?" என்றார் அண்ணை.

"ஓம்! அதுக்குத்தான் வந்தனான்!" என்று கத்தினேன். அதோடு நிறுத்த நினைத்தேன். குரல் ஏற்கெனவே உயர்ந்திருந்ததால் மற்றதும் வந்துவிட்டது. "ஐயா செத்ததை ஏன் ஒளிச்சனீங்கள்?"

அதை அவர் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு முதல் பிள்ளை அழிஞ்சு போச்சு. ரெண்டாவதும் போயிருந்தா நீ மிஞ்சியிருக்கமாட்டாய். நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். இண்டைக்கு அந்தச் செய்தி வந்தாலும் அப்பிடித்தான் செய்வன்."

"நானும் இண்டைக்குத் தெரிஞ்சாலும் கோபிப்பன்."

"சரி, கோபி" என்றார். பிறகு, "அந்த மனிசிக்கு எந்த வீடு?" என்று கேட்டுவிட்டுச் சப்பாத்தைத் தேடினார்.

அவர் நம்பவில்லை, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பெட்டியை நிப்பாட்டாமலே என்னோடு தெருவைச் சுற்றி அக்கா வீட்டுக்கு வந்தார். அக்காவைப் பட்டனை அமத்தச் சொன்னார். ஒன்றுமில்லை. அக்கா இன்னும் பலமாக அமத்தினா. ஒன்றுமில்லை. அண்ணை அந்த முறிந்து பொருந்திய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தான் போய் நிப்பாட்டிவிட்டுப் பின்பக்க மேல்மாடி யன்னலில் குளித்துத் துடைக்கிற துவாயை ஆட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் அக்காவும் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். வேலிக்கு அந்தப் பக்கம், பின்வீட்டு மாடியில் ஒரு மஞ்சள் துவாய் தோன்றி வீசி வீசி ஆடியது. "அமத்துங்கோ அக்கா" என்றேன். பெட்டி கணீரென்று ஒலித்தது. ஒரு பெண் பிள்ளையின் குரல் ஆங்கிலத்தில் நலமா என்று கேட்டது. அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, ஐ ஆம் ஓகே. ஐ ஆம் வெரி ஓகே" என்றா. அந்தப் பக்கம் அண்ணை நிறுத்தாமல் துவாயை ஆட்டிக்கொண்டே நின்றார். வேலை செய்துவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் தோட்டத்துக்கு ஓடிப் போய் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினேன்.

அக்காவின் மகன் வந்து என் பதிவுகளைக் கேட்டான். வரைபடத்தைப் பார்த்தான். தாயின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஐ ஆம் சொறி அம்மா" என்று மட்டும் சொன்னான். இல்லத்துப் பேச்சு அதோடு போயிற்று. அவ அதே வீட்டில்தான் இருக்கிறா. உன் கலியாணத்துக்கு என்ன சீலை உடுப்பது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறா.

அண்ணை அந்த ஹெட்போன் பெட்டியை அன்றைக்கே என் உருளைப் பைக்குள் போட்டுவிட்டார். "பிறகு எனக்கு நாடகம்?" என்றும் கேட்டார். ஆகவே நீளமான வயரோடு ஒரு ஹெட்போன் வாங்கி, சுவர் ஓரமாக வயரை இழுத்து ஆணி அடித்துக் கொடுக்கப் போனேன். நான் தரையில் முழங்காலில் இருந்து வயரை இழுக்க, அவர் கதிரையில் இருந்து பேசினார். நான் கேட்டேன்: ஐயாவுக்கு யார் கொள்ளி வைத்தது? சித்தப்பாவின் மகன் என்றார். ஐயாவின் மூத்த மகன் அண்ணைதான். அவராலும் போக முடியவில்லை, சண்டையால் பாதை அடைத்திருந்தது. "அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். கையால் தலையைத் தடவினார். பிறகு, "தலையை வழிச்சனான். என்ர குளியலறையிலை. அண்ணி பின்பக்கத்தை வழிச்சு விட்டவள்" என்றார்.

மகன், நான் ஆணியைக் கீழே வைத்துவிட்டேன். நான் படுத்துக் கிடந்த அந்த வாரங்களில் அண்ணை ஒரு கம்பளித் தொப்பியோடு வந்தார். வெயில் காலம். வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. "உள்ளுக்கையும் குளிரோ அண்ணை?" என்று நான் பகிடி பண்ணினேன். பீனிசம், தலையில் நீர் கோத்திருக்கிறது என்றார். மீனை அவரே வெட்டி, அவரே குழம்பு வைத்து, எனக்குப் போட்டுத் தந்துவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்று வெறும் சோறும் பருப்பும் சாப்பிட்டார். சாவுத் தீட்டுக்கான துடக்குக் காத்திருக்கிறார். என் முன்னால் உட்கார்ந்து, நான் சிரிக்கச் சிரிக்க, மொட்டைத் தலையைத் தொப்பிக்குள் மூடிக்கொண்டு, தகப்பனுக்குத் தனியே துக்கம் அனுஷ்டித்திருக்கிறார்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். என் ஐயாவுக்காக அழ வேண்டிய நாட்களில் என்னை அழ விடவில்லை, அது பிழைதான். அவர் சரியென்கிறார், நான் பிழையென்கிறேன். இருவரும் அப்படியே சாகப் போகிறோம். ஆனால் இவ்வளவு காலமும் தெரியாமல் கோபித்தேன். இனித் தெரிந்துகொண்டு கோபிப்பேன். அதற்கு அவரோடு பேச்சு வேண்டும். இதை உனக்கும் சொல்கிறேன்: நீ கட்டப்போகிற பிள்ளையிடம், அவளுடைய நன்மைக்கென்று சொல்லி ஒரு துக்கத்தையும் ஒளிக்காதே. அவள் உடைந்து போவாள் என்று பயந்தால், சொல்லிவிட்டுப் பக்கத்தில் இரு. அண்ணைக்கு அதைச் செய்யத் தெரியவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: மாமா வருவார். கலியாணத்துக்கு முதல் உனக்குத் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைத்து முழுக வார்க்கும்போது, தாய்மாமன் வைக்க வேண்டிய அறுகை அவர்தான் வைப்பார். வேறு ஒருவரை அந்த இடத்தில் நிறுத்த நான் சம்மதிக்கமாட்டேன். நீ பிறக்க வேண்டும் என்பதற்காகத் தன் தங்கச்சியை இழந்த மனிதர் அவர். டென்ஷன் வரும் என்றாய். வரட்டும். பூரணம் அக்கா பக்கத்தில் இருப்பா, நான் இருப்பேன், சமாளிப்போம்.

நான் உனக்காக அவரிடம் போய்ச் சொல்லமாட்டேன். போனிலும் சொல்ல முடியாது, அவருக்குக் கேட்காது. இந்தச் சனிக்கிழமை நீ ரயிலில் வா. நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். இருவரும் நடந்தே போவோம். உள்ளே போனதும் அவருடைய வலது பக்கத்தில் உட்கார். உரத்துச் சொல்: "மாமா, நீங்கள்தான் எனக்கு முதல் அறுகு வைக்கவேணும்."

"என்ன?" என்று கேட்பார்.

திரும்பச் சொல்.

அம்மா